ஹரிதாவை எங்கே உட்காரவைப்பது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை. சென்னையில் ஒரு பத்திரிகைக்காரர் இசைச் சிறப்பிதழ் போடுகிறார். "கோயமுத்தூர்ல யாரோ லத்தீன் ஜாஸ் வாசிக்கிறாங்களாமே, நீங்க வாராவாரம் போய்க் கேக்கறீங்களாமே, ஒரு கதை குடுங்க சார்" என்றார். என்னால் மறுக்க முடியவில்லை. இசைமேல் உள்ள காதலால் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபோனில் ஒருவரிடம் முடியாது என்று சொல்ல எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாய் வராது. "பாக்கலாங்க" என்றேன். எங்கள் வெள்ளகோவிலில் அதற்கு முடியாது என்று பொருள். அவர் சரி என்று எடுத்துக்கொண்டு விளம்பரமே போட்டுவிட்டார்.

அலுப்பாக இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கொட்டாவி வருகிறது. கொட்டாவி விட்டுக்கொண்டு எழுதியதை நாங்கள் எதற்கு விழித்திருந்து படிக்கவேண்டும் என்று நீங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தொடங்கியாகவேண்டும். தொடங்கிப் பார்த்தவற்றைக் காட்டுகிறேன்.

"ரேஸ்கோர்ஸ் மரங்களின்மேல் மாலை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, ஹரிதாவின் விரல்கள்" — போதும். எல்லாக் கதையிலும் மாலைதான் இறங்குகிறது, எனக்குப் படிக்கும்போதே கால் வலிக்கிறது.

"கியூபா எங்கே, கோவை எங்கே. ஆனால் இசைக்கு எல்லை" — இதை எழுதிய கையில் நானே ஒரு போடு போட்டேன்.

"ஹரிதாவுக்கு ஐந்து வாத்தியங்கள் வாசிக்கத் தெரியும். அதுதான் அவளுக்கு வந்த கேடு."

இது தேறும். இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

2

ஹரிதா பெரியநாயக்கன்பாளையத்துப் பெண். மோட்டார் பம்புக்கு வார்ப்படம் போட்டுக் கொடுக்கும் நாயுடு குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் எங்களைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ். பகலில் அப்பாவின் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறாள். சனிக்கிழமை மாலைகளில் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில், ஸ்ரீனிவாஸ் என்பவர் நடத்தும் குழுவில் வாசிக்கிறாள். ஸ்ரீனிவாஸ் கீபோர்டு. நல்ல மனிதர், குழுவுக்காக வீட்டில் ஏச்சு வாங்குகிறவர். அவரை வில்லனாக்க ஒரு வரைவில் முயன்றேன், அவர் முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

லத்தீன் ஜாஸ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கியூபா மாதிரித் தீவுகளின் தாளமும் அமெரிக்காவின் ஜாஸும் நியூயார்க்கில் ஒரே வீட்டில் குடித்தனம் வைத்தன, அதில் பிறந்த பிள்ளை. அந்த இசைத்தட்டுகளின் உறையைத் திருப்பிப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரே பெயருக்கு நேராக புல்லாங்குழல், சாக்ஸபோன், பியானோ, காங்கா என்று வரிசையாகப் போட்டிருக்கும். (காங்கா என்பது இடுப்புயர மத்தளம், வெறுங்கையால் அடிப்பது.) ஒரு பாட்டில் ஊதியவரே அடுத்த பாட்டில் தோலின் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஊதும்போதும் அவருக்குள் தாளக்காரர் விழித்திருப்பார், அடிக்கும்போது பாட்டுக்காரர். அதைக் காதால் கண்டுபிடிக்க முடியும், கண்டுபிடிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிடும். இந்த வயதில் என்னை லேசாக்குவது வேறு எதுவும் இல்லை. அஷ்டாவதானிகள் என்று அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஹரிதாவோடு பழகிய பிறகு அந்த உறைகளை வேறு மாதிரி படிக்கிறேன். சிறுமியாக இருந்தபோது அவளாக ஆசைப்பட்டுக் கற்றது புல்லாங்குழல். பள்ளிக்கூடத்தில் பியானோ. பேஸ் கிட்டார் வாசித்தவர் கல்யாணமாகி ஓசூர் போனார், புது ஆள் கிடைக்கும்வரை ஹரிதா பேஸ் கற்றாள். டிரம்பெட் ஊதிய நஞ்சுண்டன் துபாய் போனார், ஹரிதா டிரம்பெட் கற்றாள். காங்கா வாசிக்கும் சரவணன் உடுமலைப்பேட்டையிலிருந்து வரவேண்டியவர், பாதி நாள் வரமாட்டார், ஹரிதா காங்காவும் கற்றாள். அவளுடைய ஒவ்வொரு வாத்தியமும் யாரோ எழுந்துபோன நாற்காலி.

[இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஹரிதாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியெல்லாம் இல்லீங்ணா. டிரம்பெட் எனக்கே ஆசைதான்" என்றாள். வாக்கியத்தை எடுக்க மனசு வரவில்லை. அவள் சொன்னதையும் எழுதிவிட்டேன், நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.]

அவளுக்கு ஒரு சொந்த மெட்டு இருக்கிறது. டான்சோன் வகை. கியூபாவின் பழைய, மெதுவான ஆட்டம் அது. நடுவில் ஓர் இடம் வரும், ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அப்படியே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இசையைக் கேட்பார்கள். களைத்துப்போகிறவர்களை மதிக்கும் ஆட்டம். அதில் குழல்தான் முன்னால் நிற்கும். ஹரிதா அந்த மெட்டைக் குழலுக்காகவே போட்டாள். ஆனால் மேடையில் அதை அவள் குழலில் வாசித்ததே இல்லை. வாசிக்கலாம் என்று எடுக்கும் நாளிலெல்லாம் யாராவது வந்திருக்கமாட்டார்கள், அவள் அந்த இடத்துக்குப் போய்விடுவாள், மெட்டு தள்ளிப்போகும்.

அவள் அதை வாசிப்பாளா மாட்டாளா என்பதுதான் இந்தக் கதை. கொலை, காதல் எதையும் எதிர்பார்க்கவேண்டாம்.

3

காங்கேயம் ரோட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை பெங்களூரில் வேலை, அவர்தான் குழுவை அமர்த்தியவர். பெண் எங்கள் வெள்ளகோவில், எனக்குச் சொந்தம். அந்த வரவேற்பில் ஹரிதாவின் மெட்டை அவளே குழலில் வாசிப்பது என்று ஒருவழியாக முடிவானது. எல்லோரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சரவணனிடம் மட்டும் ஸ்ரீனிவாஸ் தானே ஃபோன் செய்து உறுதி செய்துகொண்டார்.

அந்த ஃபோன் பேச்சை இரண்டு தரப்பிடமும் விசாரித்துத் தொகுத்திருக்கிறேன்.

"என்னப்பா, நாளைக்கு ரிசப்சன். ஞாபகம் இருக்குதல்ல?"

"இருக்குதுங்ணா. இங்க மாமனாருக்கு முட்டிவலி வந்து படுத்துட்டாருங்க. தேங்காக் களத்தை நாந்தான் பாக்கோணும்."

"அட, உடம்பைப் பாத்துக்கச் சொல்லு."

"சொல்றனுங்ணா. நீங்க இத்தன நாளா என்னைய வெச்சிருந்ததுக்கு ரொம்பச் சந்தோசமுங்க. வாரேனுங்ணா."

"சரிப்பா, வா."

ஸ்ரீனிவாஸ் நிம்மதியாகத் தூங்கினார். சரவணன் வருகிறேன் என்று சொல்லிவிட்டாரே.

சரவணன் விடைபெற்றிருக்கிறார். குழுவிலிருந்து விலகிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் யாரும் போவதில்லை, எல்லோரும் வருகிறார்கள். இழவு வீட்டைத் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் "வாரேன்" என்றுதான் சொல்லவேண்டும். "போறேன்" என்றால் சண்டை போட்டுவிட்டுப் போவதாக ஆகிவிடும். அந்தச் சொல்லை வெளியூர்க்காரர் யாராவது கேட்டிருந்தால்கூட "வர்றீங்களா, இல்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். பேசிய இருவருமே இந்த ஊர்க்காரர்கள். அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

[பிறகு சரவணனிடம் கேட்டேன். "விலகறேன்னு நேராச் சொல்லியிருக்கலாமல்ல?" "அதெப்படீங்க, மூஞ்சில அடிச்சாப்பல இருக்காதுங்களா?" என்றார். அவரையும் வில்லனாக்க முடியவில்லை. இந்தக் கதைக்கு வில்லன் கிடைக்காதது எனக்குப் பெரிய தொல்லையாக இருக்கிறது.]

4

வரவேற்பு மேடையில் காங்காவின் பின்னால் ஸ்டூல் காலியாக இருந்தது. கூட்டம் பிரியாணி வாசனைக்கும் — இல்லை, அது சைவப் பந்தி. கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்ரீனிவாஸ் வாசலைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், கடைசியில் ஹரிதாவைப் பார்த்தார். ஹரிதா குழலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் கேட்கக்கூட இல்லை. முன் வரிசையிலிருந்து இதை நான் பார்த்தேன்.

மெட்டு இந்தமுறை தள்ளிப்போகவில்லை. தள்ளிப்போயிருந்தால் தேவலை. ஸ்ரீனிவாஸ் அவளைச் சமாதானப்படுத்த நினைத்திருக்கவேண்டும். "அம்மணி, உன்ற பாட்டை விடவேண்டாம், நான் சமாளிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கீபோர்டில் குழல் சத்தத்துக்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினார்.

அவள் போட்ட மெட்டு, பொத்தானிலிருந்து குழலாக வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குத் தாளம் போட்டாள். குழல் பெட்டி அவள் காலடியில் இருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, நடந்தது இதுதான்.

"ஹரிதாவின் கண்ணோரத்தில் ஒரு துளி" — இந்த வரி முதல் வரைவில் இருந்தது. அவள் அழவில்லை. அழுதால் எனக்கு வசதியாக இருக்கும் என்பதால் எழுதினேன்.

இங்கே கிளாவேயைப் பற்றிச் சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. கிளாவே என்பது ஐந்து தட்டு. முதல் பாதியில் மூன்று, அடுத்த பாதியில் இரண்டு. இரண்டில் தொடங்கி மூன்றுக்கும் போகலாம். எதில் தொடங்கினாலும் பாட்டு முடியும்வரை அதை மாற்றக்கூடாது, அது இந்த இசையின் சட்டம். யாரும் தட்டாவிட்டாலும் எல்லார் காதுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். பாதி இடம் மாறினால், ஒவ்வொருவரும் சரியாக வாசித்தும் மொத்தம் தப்பாகிவிடும்.

பெண் வீட்டார் வள்ளி கும்மிக்கும் ஆள் சொல்லியிருந்தார்கள். ஒரே நிறப் புடவையில் ஒரு கூட்டம் மேடைக்குப் பக்கத்தில் தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றது. தலைவி தெய்வாத்தாள், என் பெரியம்மா வழிச் சொந்தம். டான்சோன் மெதுவாக அசைந்து வர, அவருக்குக் கால் பரபரத்திருக்கிறது. "வாங்க புள்ளைகளா" என்றார். அவ்வளவு பேரும் நடுவில் வந்து வட்டம் கட்டிவிட்டார்கள். முன்னால் போகும்போது மூன்று தட்டு, பின்னால் வரும்போது இரண்டு. அவர்கள் கும்மியில் அப்படி ஒரு அடி இருக்கிறது.

ஐந்து தட்டும் அச்சு அசலாகப் பொருந்தியது. ஆனால் பாதி மாறி. குழு இரண்டு தட்டும் இடத்தில் இவர்கள் மூன்று தட்டினார்கள்.

கூட்டத்துக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஸ்ரீனிவாஸின் முகம் பல்வலிக்காரர் முகமாக மாறியது. ஹரிதா தலையைச் சாய்த்துக் கொஞ்சநேரம் அந்தக் கைகளைக் கேட்டாள். பிறகு ஒரு பாதியை விழுங்கினாள். படியிறங்கும்போது ஒரு படியை விட்டுத் தாண்டுவோமே, அப்படி. அடுத்த அடியிலிருந்து காங்கா கும்மிக்காரர்களோடு இருந்தது. பேஸ் அவளைத் தொடர்ந்தது. பொத்தான் குழல் மட்டும் கொஞ்சநேரம் வழி தெரியாமல் அந்தரத்தில் நின்றுவிட்டு, பிறகு ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

5

கும்மி முடிந்ததும் தெய்வாத்தாள் மேடையோரம் வந்து, "யார்ற புள்ளை நீ? எங்க கைக்குன்னே அடிச்சியல்ல" என்று அவள் கன்னத்தை வழித்தார்.

அடுத்து ஸ்ரீனிவாஸ். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"ஏம்மா, கிளாவேயைத் திருப்பலாமா?"

"வந்தவீங்க கையத் தப்புன்னு எப்படீங்ணா சொல்றது?"

"பாட்டு உன்னுது. நீயே அதை ஒடைக்கலாமா?"

அவர் பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "ஆனா ஒண்ணு. அந்த எடத்துல அப்படித் திருப்பறதுக்கு உன்னாட்ட ஆள் கெடையாது. சரவணன் இனி வரமாட்டான் போல. காங்கா இனி உன்னுதுதான். வர்ற சனிக்கெழமையிலிருந்து நெரந்தரமா உக்காந்துக்கோ. குழலுக்குத்தான் பொத்தான் இருக்குதே" என்றார்.

அவர் மனதாரப் பாராட்டினார் என்பதை நான் சாட்சியாகச் சொல்கிறேன். அதுதான் கொடுமை.

[இரண்டாவது வரைவில், ஹரிதா பொத்தானைப் பழிவாங்கவே கிளாவேயைத் திருப்பினாள் என்று எழுதினேன். நேரில் கேட்டேன். "விருந்தாளிங்களுக்காகத்தானுங்ணா" என்றாள். கொஞ்சம் கழித்து, "கொஞ்சம் சந்தோசமாவும் இருந்துச்சு" என்றாள்.]

6

முடிவுகள். மூன்று எழுதி, காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் அவளிடம் கொடுத்தேன். டீ வந்தது, தேங்காய் பன் வந்தது.

முதல் முடிவில், சனிக்கிழமை ஹரிதா எழுந்து குழலை எடுத்து வாசிக்கிறாள், மொட்டைமாடியே எழுந்து நின்று கைதட்டுகிறது, ஸ்ரீனிவாஸ் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

"அங்க வர்றவீங்க சாப்பிட வர்றாங்க. எந்திரிச்சா சோறு ஆறிப்போயிருமுங்ணா."

இரண்டாம் முடிவில், அவள் குழுவை விட்டு விலகி, எல்லா வாத்தியங்களையும் விற்றுவிட்டு, குழலோடு மட்டும் வீட்டு மாடியில் தனியாக நிற்கிறாள்.

"எதுக்குங்ணா விக்கோணும்? பாவம், அதுக என்ன பண்ணுச்சு?"

மூன்றாம் முடிவில், கடைசி நிமிடத்தில் உடுமலைப்பேட்டை பஸ்ஸிலிருந்து சரவணன் இறங்கி ஓடிவந்து ஸ்டூலில் உட்கார்கிறார்.

"அவரு வருவாருங்களா?"

"நெசத்துல வரமாட்டாரு. கதைல வரலாம்."

"கதைல வந்து என்னுங்ணா பண்றது?"

தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினாள். கோபமாக இருக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, வேலை முடிந்து நேராக வந்த களைப்பு.

"ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கமாட்டீங்களே?"

"சொல்லு அம்மணி."

"மொதல்ல என்னைய அழுக வெச்சீங்க. அப்பறம் பழிவாங்க வெச்சீங்க. இப்ப ஜெயிக்க வெக்கறீங்க. உங்க கதைல எந்த எடத்துல ஆள் கொறையுதோ, அங்க கொண்டுபோய் என்னைய உக்கார வெக்கறீங்க. ஸ்ரீனிவாஸ் அண்ணனும் அதத்தானுங்களே செய்யறாரு?"

"அது வேற, இது வேற" என்றேன்.

"என்னுங்ணா வேற?"

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தும் தேங்காய் பன்னை எடுத்துத் தின்றேன். அவள் சொன்னது சரி. வெட்கமாக இருந்தது. வில்லன் இல்லை, வில்லன் இல்லை என்று இத்தனை பக்கம் புலம்பியிருக்கிறேன்.

"சரி, நெசமா நீ என்ன பண்ணப்போற?" என்று கேட்டேன்.

"களைச்சுப்போச்சுங்ணா. இந்தத் தடவை நான் உக்கார்றதா இல்ல. குழலை எடுத்துட்டு நிப்பேன். அந்த ஸ்டூல் காலியா இருக்கட்டும்."

"காலியா இருந்தா தாளத்துக்கு என்ன பண்றது? யாரு புடிப்பாங்க?"

அவள் டீ கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதையும் என்கிட்டயே கேட்டா எப்படீங்ணா?"

7

இன்று வெள்ளிக்கிழமை. மாலைக்குள் கதையை அனுப்பியாகவேண்டும், பத்திரிகைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். சனிக்கிழமை நாளைதான். நாளை மொட்டைமாடியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதலாம், முப்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தெய்வாத்தாளையும் அவர் கூட்டத்தையும் வேன் வைத்து ரேஸ்கோர்ஸுக்குக் கூட்டிவந்து கைதட்டவைத்தால் கதை அழகாக முடிந்துவிடும். வேண்டாம். விசாரித்துவிட்டேன், அவர்களுக்கு நாளை சென்னிமலைப் பக்கம் கோயில் நிகழ்ச்சி.

ஹரிதா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள் என்றும் எழுதமாட்டேன். அவள் முதல்முறையாக ஓர் இடத்தை நிரப்பமாட்டேன் என்கிறாள். என்னுடைய கடைசிப் பக்கத்தை மட்டும் அவள் வந்து நிரப்பவேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆகையால் நாளை வரைக்கும் எழுதியதை இங்கே வைக்கிறேன். மேடையில் ஸ்ரீனிவாஸ் இருக்கிறார், கை கீபோர்டின்மேல், பொத்தானை இன்னும் அமுக்கவில்லை. காங்காவின் பின்னால் யாரும் இல்லை. ஹரிதா நிற்கிறாள். குழல் உதட்டருகே வந்துவிட்டது, மூச்சும் எடுத்துவிட்டாள். தாளம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

நீ தட்டேன் என்று என்னைச் சொல்வீர்கள். என் கை எழுதிக்கொண்டிருக்கிறது. எழுத்தும் நானே, தாளமும் நானே என்றால் அவளுக்கு நேர்ந்ததுதான் எனக்கும் நேரும். நீங்கள் இவ்வளவு நேரமும் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள். இதழைக் கீழே வையுங்கள். மூன்று தட்டு, பிறகு இரண்டு. பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, நிறுத்திவிட மட்டும் வேண்டாம். நீங்கள் நிறுத்தினால் அவள் குழலை வைத்துவிட்டு ஸ்டூலுக்கு வந்துவிடுவாள்.